நாற்பத்தாறு டிகிரியில் லேசான குளிர்

எங்கள் ஊரான வெர்ஷாத்ஸில் ஓஸ்தோயாவைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் மனிதர் குட்டி போட்ட பூனை மாதிரி இங்கும் அங்கும் நடந்துகொண்டிருப்பார். சாப்பாட்டு மேஜையில்கூட ஒரு கையில் ரொட்டி, ஒரு கால் வாசல் பக்கம். அவருடைய மனைவி மிலுன்கா, "நான் கட்டிக்கிட்டது புருஷனை இல்ல, நடைபாதைய" என்று சொல்லாத நாள் கிடையாது.

அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. ஊர் முழுவதற்கும் குழாய் வழியே வெந்நீர் அனுப்பி வீடுகளைச் சூடாக்கும் கணப்பு நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் பாய்லர்காரராக இருந்தவர். அங்கே உட்கார்ந்தால் வேலை நடக்காது. இந்த வால்வைத் திருகு, அந்த மீட்டரைத் தட்டு, மறுபடி முதல் வால்வுக்கு ஓடு. நடுவில் டெலிபோன் வேறு. டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், ஊரிலுள்ள பெண்கள் எல்லாம் அவரை அழைத்துத் திட்டுவார்கள்.

"அடப்பாவி, நாங்க விறைச்சுச் செத்துட்டோம்! குழந்தைங்க ஐஸ்கட்டி ஆயிடுச்சு! உன் கை அழுகிப்போக!"

ஓஸ்தோயா மீட்டரைப் பார்ப்பார். அந்தத் தெருவில் பத்தொன்பது டிகிரி இருக்கும். எங்கள் ஊர் வழக்கம் அதுதான். பத்தொன்பது டிகிரிக்குச் சாவு, பதினேழுக்கு இழவுச் சாப்பாடு. சொன்னதை மூன்றால் வகுத்துக்கொண்டால் உண்மை கிடைக்கும் என்று அவர் காது பழகிவிட்டது. இதை நீங்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்தக் காதுதான் காரணம்.

போன வருஷம் பழைய பாய்லரைப் பிடுங்கிவிட்டுத் தானாக ஓடும் ஒன்றை வைத்தார்கள். ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் சுத்தியல், ஒருவர் நாற்காலி. ஓஸ்தோயா கட்டுப்பாட்டு அறைச் சுவரில் தொங்கிய வட்டமான தெர்மாமீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து சமையலறையில் மாட்டினார். பழைய பாய்லரோடு எங்கேயோ தூரதேசத்திலிருந்து வந்தது அது. உள்வட்டத்தில் சிவப்பு எண்கள், வெளிவட்டத்தில் கறுப்பு எண்கள். கறுப்பை முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஒருநாளும் படித்ததில்லை.

எட்டு மாதம் வேலையில்லாமல் தெருத்தெருவாக நடந்தார். ஐம்பத்து நாலு வயது ஆளை யார் கூப்பிடுவார்கள்? மச்சான் வுக்காஷின், ஆஸ்திரியாவில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் இடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினான். பத்துப் பேர் ஒரே அறையில் படுக்க வேண்டும், வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வரலாம். மிலுன்கா அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. அந்த நேரத்தில்தான் பழைய பெரிய கடைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு கால் சென்டர் திறந்தார்கள். இங்கிலாந்தில் வீட்டு பாய்லர் கெட்டுப்போனால் அங்குள்ளவர்கள் ஒரு எண்ணை அழைப்பார்கள். அழைப்பு எங்கள் ஊரில் வந்து விழும். இங்கே ஃபாரம் நிரப்பி அங்கே மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். ஓஸ்தோயாவுக்கு பாய்லர் தெரியும். இங்கிலீஷும் தெரியும், டெலிவிஷன் பார்த்து, கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்துச் சேர்த்த இங்கிலீஷ். ஆறு வாரம் சோதனைக் காலம். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் கோழி.

பாய்லர் பற்றிய கேள்விகளில் அவரை அசைக்க முடியவில்லை. அவரைக் கவிழ்த்தது வானிலை.

முதல் வாரம் ஒரு பெரியவர் அழைத்து, "என்ன அருமையான நாள், இல்லையா?" என்று ஆரம்பித்தார். ஓஸ்தோயா முன்னாலிருந்த திரையில் அந்த ஊர் வானிலை தெரிந்தது. "இல்லை ஐயா. மூன்று மணிக்கு உங்களுக்கு மழை" என்றார். பெரியவர் சட்டென்று பாய்லர் பேச்சுக்குத் தாவினார். இரண்டாம் வாரம் ஒரு அம்மா, "மறுபடியும் மழை, பாருங்க" என்றாள். ஓஸ்தோயா, தலை ஈரத்தோடு வெளியே போகக் கூடாது, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைக்கக் கூடாது, குறுக்குக்காற்று பட்டால் முகம் கோணிக்கொள்ளும் என்று அவளுக்கு ஐந்து நிமிடம் புத்தி சொன்னார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் அக்கறை. அங்கே அதற்குப் பெயர் புகார், எழுத்தில் வந்தது.

மேற்பார்வை பார்க்கும் பெண் நெவெனா, இருபத்தொன்பது வயது, அவரை உட்காரச் சொன்னாள். அவர் நின்றார்.

"மாமா, அவங்க உங்ககிட்ட வானிலைய விசாரிக்கல. கதவத் தட்டுறாங்க. ‘நான் இருக்கேன், நீ இருக்கியா’ன்னு. நீங்களும் ‘இருக்கேன்’னு ஒரு தட்டுத் தட்டினாப் போதும்."

"அப்போ நெசமாவே மழை பெய்யுதான்னு தெரிய வேணாமா?"

"வேணாம்! மழைன்னு சொன்னா, ‘ஆமாங்க, நிக்கவே மாட்டேங்குதில்ல?’ன்னு சொல்லுங்க. வெயில்னா, ‘போன வாரத்துக்கு இது எவ்வளவோ தேவல, இல்லையா?’ அவங்க சொன்னதையே லேசாத் திருப்பிப் போட்டு, பின்னாடி ஒரு ‘இல்லையா’வ ஒட்டுங்க. மறுத்துப் பேசாதீங்க. டிகிரி சொல்லாதீங்க. காத்தழுத்தம் பேசாதீங்க. முட்டி வலிய எடுக்கவே எடுக்காதீங்க."

"முட்டி வலி இல்லாம என்னம்மா வானிலை?"

"அப்புறம், கொட்டுற மழையில நின்னுக்கிட்டே ‘அடடா, என்னா வெயிலு’ம்பாங்க. அது கிண்டல். கூடச் சிரிக்கணும். எதையும் கொறச்சுத்தான் சொல்வாங்க மாமா. இதெல்லாம் நோட்டுல எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். எழுதியதை எல்லாம் மனிதன் புரிந்துகொண்டுவிட்டால் உலகத்தில் பள்ளிக்கூடமே வேண்டாம்.

வீட்டிலும் ஒத்திகை நடந்தது. அப்போது எங்கள் ஊரில் கோஷவா காற்று அடித்துக்கொண்டிருந்தது. கோஷவா வந்தால் மூன்று நாள், இல்லை ஏழு நாள், இல்லை இருபத்தொரு நாள் என்பது பெரியவர்கள் கணக்கு. அது அடிக்கும்போது யாருக்கும் தூக்கம் கிடையாது, புருஷன் பெண்டாட்டி பேச்சு நேராக இருக்காது. ஓடுகள் பறக்கின்றன, குப்பைத்தொட்டிகள் தெருவில் உருண்டு போகின்றன. அந்தக் காற்றில் மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டு ராடிவோயிடம் ஓஸ்தோயா மெல்லச் சிரித்து, "கொஞ்சம் காத்தாடுதில்ல?" என்றார்.

ராடிவோய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "காலையிலயே ஊத்திட்டியா?"

மிலுன்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள், "ஆமா, இல்லையா, ஆமா, இல்லையா! கிளிப்பிள்ளைக்குக்கூட இன்னும் நாலு வார்த்த தெரியும். இதுக்கா சம்பளம் குடுக்குறான்?"

"குடுக்குறான்டி. நீ ஒண்ணு சொல்லு, நான் பதில் சொல்றேன்."

"எனக்குத் தல வலிக்குது, பல்லு வலிக்குது, இந்தக் காத்து நாசமாப் போக!"

"இன்னும் மோசமாப் போயிருக்கலாம், இல்லையா?"

மிலுன்கா கரண்டியை ஓங்கினாள். ஆனால் ஒத்திகை வேலை செய்தது. ஐந்தாம் வாரத்தில் ஓஸ்தோயா வாயிலிருந்து டிகிரி வருவது நின்றது. முட்டி வலி நின்றது. ஹெட்போன் கம்பி நீளும் அளவுக்கு மூன்றடி முன்னே, மூன்றடி பின்னே நடந்தபடி அவர் பேசினார். வியாழக்கிழமை வந்த அழைப்புதான் அவருடைய உச்சம்.

அழைத்தவள் மிஸஸ் ஹோல்ராய்டு, எண்பத்தாறு வயது, இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறவள். பாய்லர் நேற்று நின்றுவிட்டது, தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"குளிர் எப்படிம்மா இருக்கு?" என்று ஃபாரத்தில் இருந்ததைக் கேட்டார் ஓஸ்தோயா.

"லேசாச் சிலுசிலுங்குது கண்ணு. கூடத்துத் தெர்மாமீட்டர்ல நாப்பத்தாறு காட்டுது."

நாற்பத்தாறு! பாலைவனச் சூடு. ஓஸ்தோயாவுக்கு உடனே நோட்டு ஞாபகம் வந்தது. கிண்டல் பண்ணுகிறாள் கிழவி, கூடச் சிரிக்க வேண்டும். மனம்விட்டுச் சிரித்தார்.

"அப்போ விசிறி வேணும்னு சொல்லுங்க!"

அந்தப் பக்கம் ஒரு கணம் சத்தமில்லை. பிறகு அவளும் சிரித்தாள். "அதுவும் சரிதான். பொலம்பி என்ன ஆகப்போகுது?"

"இன்னும் மோசமாப் போயிருக்கலாம், இல்லையா?"

"போயிருக்கலாம் கண்ணு, போயிருக்கலாம்."

ஃபாரத்தில் மூன்று கட்டம். லேசான அசௌகரியம், சிரமம், அவசரம். அழைப்பவர் சொந்த வாயால் சொன்னதைத்தான் குறிக்க வேண்டும். ஓஸ்தோயா முதல் கட்டத்தைக் குறித்தார். மெக்கானிக் அடுத்த புதன்கிழமை வருவான். எல்லாம் நான்கே நிமிடம். ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த நெவெனா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"வானிலைப் பேச்சுக்குப் பத்துக்கு ஒம்போது மாமா! நீங்க பாதி இங்கிலீஷ்காரராவே ஆயிட்டீங்க. இதேமாதிரி இன்னும் ஒரு வாரம் ஓட்டுங்க, நாற்காலி உங்களுது."

அன்று வீட்டில் மிலுன்கா சார்மா சமைத்தாள். புளித்த முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டி, அரைநாள் அடுப்பில் வைத்து, பண்டிகைக்குச் செய்வது. ஓஸ்தோயா நின்றபடியே ஆறு தின்றார்.

சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. கோஷவாவுக்கு ஒன்பதாம் நாள். ராத்திரி முழுக்க ஜன்னல் தடதடத்ததில் அவர் கண் மூடவில்லை. விடிந்ததும் காபிக் கோப்பையோடு சமையலறையில் நடந்துகொண்டிருந்தார். வாசலிலிருந்து மேஜைக்கு, மேஜையிலிருந்து தெர்மாமீட்டருக்கு, மறுபடி வாசலுக்கு. பழக்கதோஷத்தில் ஒவ்வொரு தடவையும் அதன் கண்ணாடியை விரலால் தட்டினார். முள் உள்வட்டத்தில் இருபதைத் தொட்டுக்கொண்டு நின்றது. நாலாவது தடவை தட்டும்போது முள்ளின் நுனி வெளியே எதைத் தொடுகிறது என்று அவர் கண் சும்மா போய்ப் பார்த்தது. கறுப்பில் அறுபத்தெட்டு.

கோப்பை கையில் அப்படியே நின்றது.

விரலை வெளிவட்டத்தில் வைத்து மெல்லக் கீழே இறக்கினார். அறுபது. ஐம்பது. நாற்பத்தாறு. அதற்கு நேரே உள்ளே பார்த்தார். சிவப்பில் எட்டுகூட முழுதாக இல்லை.

கிழவி சொன்னது இந்தக் கறுப்புக் கணக்கில், ஃபாரன்ஹீட்டில்.

"மிலுன்கா! என் சட்டை எங்க?"

"விடுமுறையில எங்க ஓடுற?"

"எட்டு டிகிரி! எண்பத்தாறு வயசுக் கெழவி எட்டு டிகிரியில உக்காந்து, லேசாச் சிலுசிலுங்குதுன்னு சொன்னா. நான் சிரிச்சேன்டி! விசிறி வேணுமான்னு கேட்டேன்!"

மிலுன்காவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் புருஷன் முகத்தைப் பார்த்தாள். தொப்பியை எடுத்து அவர் தலையில் காது மூடும்படி அழுத்தி இழுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

தெருவில் காற்று அவரை இரண்டு தடவை சுவரோடு ஒட்டவைத்தது. மனிதர் ஓடினார். ஓடும்போது அவர் நினைத்ததெல்லாம் அந்த ஒரு கணம் பற்றித்தான். அவர் சிரித்ததும் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் போன அந்த ஒரு கணம். அப்போது அந்த அம்மா என்ன நினைத்திருப்பாள்? சொல்லிப் பார்த்தோம், சிரிக்கிறான், இனிமேல் சொல்லக் கூடாது என்றுதானே? எங்கள் ஊர்ப் பெண்களின் கூச்சலை வகுத்து வகுத்துக் கெட்டுப்போன தன் காதைப் பிடித்துத் திருகிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

மூன்றாம் மாடியில் சனிக்கிழமை ஆள் இல்லை. நெவெனா மட்டும் கணினி முன்னால் புரெக் என்ற அடுக்கு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். ஓஸ்தோயா மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். அவள் பதிவைத் திறந்து, நாற்பத்தாறு என்ற இடத்தைத் திரும்பக் கேட்டாள். அவள் முகமும் வெளுத்துவிட்டது, ஒன்பது மார்க் போட்டவள் அவள்தானே.

"அவசரம்னு மாத்து பொண்ணு."

"என்னால முடியாது மாமா. அவங்க வாயால சொன்னது பதிவுல இருக்கணும். இல்லாட்டி அங்க இருக்கவன் கேட்டுட்டுப் பழையபடி பின்னாடி தள்ளிடுவான்."

"அப்போ நான் கூப்பிடுறேன்."

"நாம இங்கிருந்து யாரையும் கூப்பிடக் கூடாது, தெரியுமில்ல? அதுவும் உங்க விடுமுறை நாள்ல. ஒரு வாரம்தான் பாக்கி. இது அப்படியே ரிப்போர்ட்ல போகும், நான் மறைக்க முடியாது."

"மறைக்கவா சொன்னேன்?"

"நானே கூப்பிடட்டுமா?"

"சிரிச்சது நான்."

நெவெனா ஹெட்போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மணி அடித்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஓஸ்தோயா மூன்றடி முன்னே, மூன்றடி பின்னே. பதினேழாவது மணிக்கு யாரோ எடுத்தார்கள். எடுத்த கை ரிசீவரை எங்கோ இடித்த சத்தம் கேட்டது.

"ஹலோ?" குரல் மெலிந்து இழுத்தது. "ஓ, நீங்களா கண்ணு. விசிறிக்காரர்."

விசிறிக்காரர். ஓஸ்தோயாவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. "அம்மா, இப்போ எப்படி இருக்கு வீட்ல?"

"அவ்வளவு மோசமில்ல. லேசாத்தான் குளிருது. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"ரொம்பக் குளிருதாம்மா?"

"இதவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க, இல்லையா?"

நெவெனா எதிரே நின்று தலையை ஆட்டினாள். இது போதாது, முதல் கட்டத்தைத் தாண்டாது. ஓஸ்தோயா சுற்றிச் சுற்றிக் கேட்டார். அந்த அம்மா சுற்றிச் சுற்றித் தப்பித்தாள். கதவைத் தட்டினால், இருக்கிறேன் என்று தட்டுகிறாள், திறக்க மாட்டேன் என்கிறாள். அவள் பேச்சு நடுநடுவே குழறுவதும் அவருக்குக் கேட்டது. உடம்பு விறைக்கும்போது நாக்கு அப்படித்தான் ஆகும், பாய்லர்காரனுக்குத் தெரியும்.

மூன்றாவது ‘இல்லையா’வில் மனிதருக்குப் பொறுமை போய்விட்டது. நோட்டு, பாடம், ஒன்பது மார்க், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்.

"அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? எனக்குக் குளிருது."

"உங்களுக்கா?"

"உயிர் போகுதும்மா! ஒம்போது நாளாக் காத்து. தூங்கி எத்தன நாளாச்சு! என் வலது முட்டி தனியாக் கழண்டு விழுந்துடும்போல இருக்கு. காதுக்குள்ள விண்ணு விண்ணுங்குது. இடுப்பப் பத்திக் கேக்கவே கேக்காதீங்க. இந்தக் காத்த உண்டாக்கினவன் கையில கெடச்சான்னா விடமாட்டேன். என் பொண்டாட்டிக்குப் பல்லு வலி, எதுத்த வீட்டுக்காரன் ஓடு வந்து எங்க பால்கனியில விழுந்துச்சு. என் விதி இப்படி இருக்கு பாருங்க!"

நெவெனா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடப் பாவமே" என்றாள் மிஸஸ் ஹோல்ராய்டு. பிறகு மெல்லிய சிரிப்பு ஒன்று கேட்டது. "நீங்க நல்லாவே பொலம்புறீங்க கண்ணு. எங்க வீட்ல அந்த வேலைய என் புருஷன் வில்ஃப் பாத்துக்கிட்டார். எனக்கும் சேத்து அவரே பொலம்பிடுவார். அவர் போயி நாலு வருஷம் ஆச்சு."

"அப்போ நாலு வருஷம் பாக்கி இருக்கு. எங்க ஊர்ல கொழந்தகூட வாயத் தொறந்தா பொலம்பும். ஒரு தடவ சொல்லிப் பாருங்கம்மா. காசா, பணமா? இங்க யாரும் சிரிக்கமாட்டாங்க. நான் சிரிக்கமாட்டேன். அன்னைக்குச் சிரிச்சேன் பாருங்க, அது தப்பு. நீங்க சொன்ன நாப்பத்தாறு என்னன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. என்ன மன்னிச்சிடுங்க."

ஓஸ்தோயா நடக்காமல் நின்றார்.

"கூடத்துல நாப்பத்துமூணுக்கு வந்துடுச்சு" என்றாள் அவள். "கெட்டில தூக்க முடியல. விரல் மடங்கமாட்டேங்குது. ரெண்டு நாளாக் கோட்டோடதான் படுக்குறேன்." குரல் உடைந்தது. "எனக்குக் குளிருது கண்ணு. தாங்க முடியல. பயமா இருக்கு."

ஓஸ்தோயா மூன்றாவது கட்டத்தை அழுத்திய வேகத்தில் விசைப்பலகை குதித்தது. அவசரம், நான்கு மணி நேரத்துக்குள். அதன்பிறகு அவர் அவளைச் சும்மா விடவில்லை. தலையில் தொப்பி போடு, காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ், எந்த ஜன்னல் திறந்திருக்கிறது, கதவுக்கடியில் துணியைச் சுருட்டி வை, குறுக்குக்காற்று உள்ளே வரக் கூடாது. பக்கத்து வீட்டில் யார்? இப்போதே கூப்பிடு, நான் லைனில் இருக்கிறேன். எந்த அக்கறைக்காக இரண்டாம் வாரம் புகார் வந்ததோ, அதே அக்கறை, ஒரு வார்த்தை குறையாமல். பக்கத்து வீட்டுக்காரி சூடான ஓட்ஸ் கஞ்சியோடும் வெந்நீர்ப் பையோடும் வந்து ரிசீவரை வாங்கி, "வந்துட்டேன், நான் பாத்துக்குறேன்" என்று சொன்ன பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினார். இருபத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. விதி ஆறு நிமிடம்.

திங்கட்கிழமை இங்கிலாந்திலிருந்து முடிவு வந்தது. நெவெனா அதை உரக்கப் படிக்க முயன்று முடியாமல் காகிதத்தை அவரிடமே நீட்டினாள். அனுமதியின்றி வெளியே அழைத்தது, நேர வரம்பை மீறியது. வானிலைப் பேச்சுக்குப் பத்தில் ஒன்று, காரணம், ஊழியர் தன் உடல் வலிகளைப் பற்றி வாடிக்கையாளரிடம் புலம்பினார். தேறவில்லை.

"நான் ரெண்டு பக்கம் எழுதினேன் மாமா, போன்லயும் கத்தினேன்" என்றாள் அவள். கண் சிவந்திருந்தது. "கல்லுமாதிரி இருக்கானுங்க."

"விடு பொண்ணு. மெக்கானிக் என்ன எழுதியிருக்கான்?"

அவள் தேடி எடுத்தாள். சனிக்கிழமை மதியம் பாய்லர் சரி செய்யப்பட்டது. கூடத்தில் இப்போது அறுபத்தெட்டு. சேவை எப்படி என்று கேட்டதற்கு வாடிக்கையாளர் சொன்னது, ‘அவ்வளவு மோசமில்லை.’ கம்பெனியின் கணினி அதை ‘சுமார்’ என்று கணக்கில் சேர்த்திருந்தது.

ஓஸ்தோயாவுக்குச் சிரிப்பு வந்தது. நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இத அடுத்த ஆளுக்குக் குடு. கொறச்சுச் சொல்வாங்கன்னு இருக்கிற எடத்துல கோடு போட்டு வச்சிருக்கேன். ரெண்டு கோடு."

வீட்டு வாசலில் மிலுன்கா காத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் போடும் அவர் செருப்பைக் கையில் வைத்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"அவ்வளவு மோசமில்ல."

"இங்க பாரு ஓஸ்தோயா, அந்தக் கிளிப்பேச்செல்லாம் அங்க வச்சுக்கோ. மனுஷ பாஷையில சொல்லு!"

அவர் வாசற்படியிலேயே நின்றார். பின்னால் காற்று படிக்கட்டில் ஊளையிட்டது.

"வேல போச்சு மிலுன்கா. எனக்குப் பத்திக்கிட்டு வருது, அழுகையா வருது. அந்த நாற்காலி வேணும்னு எவ்வளவு ஆசப்பட்டேன் தெரியுமா? போச்சு."

மிலுன்கா அவர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன நல்ல சட்டையைப் பார்த்தாள். அதை ஐந்து வாரமாகத் தினமும் இஸ்திரி போட்டவள் அவள். கோழித் தொழிற்சாலையின் பெயரை இருவருமே எடுக்கவில்லை. அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்தாள்.

"மண்டு. மண்டு மனுஷன்" என்றாள். பிறகு, "அந்தக் கெழவி வீட்ல கணப்பு எரியுதா?"

"எரியுது."

"எத்தன டிகிரி?"

"அறுபத்தெட்டு."

மிலுன்கா திரும்பிச் சமையலறைச் சுவரைப் பார்த்தாள். முள் கறுப்பில் அறுபத்தெட்டிலேயே நின்றுகொண்டிருந்தது.

"நம்ம வீட்டு அளவு" என்றாள். "சரி, கதவச் சாத்து. குறுக்குக்காத்து வருது."

ஓஸ்தோயா கதவைச் சாத்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு மேஜைக்கு வந்தார். நாற்காலியை இழுத்து, இரண்டு காலையும் உள்ளே வைத்து, உட்கார்ந்தார்.